பிழிந்து துடைக்கும் தரை

சண்டிலிப்பாய்,
கார்த்திகைத் திங்கள்.

அன்பு மகள் ஷாமினிக்கு,

ஆண்டவரின் இரக்கம் உன்னோடும் மருமகன் லியோனோடும் சின்னவள் ரேச்சலோடும் தங்கியிருப்பதாக. இங்கே நானும் அம்மாவும் ஒரே கூரையின் கீழ், ஒருவர் குரலை ஒருவர் கேட்கும் தொலைவில் இருக்கிறோம்; இந்த வயதில் நலம் என்பதற்கு இதைவிட வேறு பொருள் எனக்குத் தெரியவில்லை. ஒஸ்லோவில் பனி விழத் தொடங்கிவிட்டது என்று சொன்னாய், குழந்தையின் காதை மூடாமல் வெளியே விடாதே. இங்கு மழை ஓய்வதாக இல்லை. கிணற்று நீர் கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்துவிட்டது, அயலில் புகையிலைக்குப் பண்படுத்திய தோட்டங்களெல்லாம் குளமாகக் கிடக்கின்றன, நம் வீட்டுக் கதவுகள் ஊதி நிலையில் இறுகிக்கொள்கின்றன.

தரையைப் பற்றி நீ இருமுறை கேட்டாய், இரண்டு முறையும் நான் மழையைப் பற்றியே பேசினேன். உன் சொல்லை மதியாமல் அப்படிச் செய்தேன் என்று எண்ணாதே. தொலைபேசி இருப்பது அம்மாவின் கட்டிலருகில், ஒலியைப் பெருக்கினால்தான் என் காதுக்குக் கேட்கும், அம்மாவைப் பற்றிய ஒரு செய்தியை அம்மாவின் முன்னிலையில் ஊருக்கே கேட்கும்படி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன். இதை முழுவதும் படித்த பின்பே கடைக்காரர் நளீரை அழைத்துப் பேசு, அதற்கு முன் எந்தப் பலகைக்கும் ஒப்புதல் கொடாதே.

அம்மா ஆனி மாதத்தில் கூடத்தில் வழுக்கி விழுந்ததும் இடுப்பெலும்பு முறிந்ததும் அறுவை நடந்ததும் நீ அறிந்தவை, பறந்து வந்து பக்கத்தில் இருந்து, விடுப்பு முடிந்ததும் அழுதுகொண்டே திரும்பிப் போனவள் நீ. அதற்குப் பின் நடந்ததைச் சொல்கிறேன். எலும்பு பொருந்திவிட்டது. மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு இனித் தாராளமாக நடக்கலாம் என்று சொல்லிவிட்டார். பொருந்தாமல் நிற்பது அவளுடைய அச்சம். அறைக்குள் நீ விரித்துவிட்டுப் போன றப்பர் விரிப்பின்மேல், வோக்கர் என்று சொல்லும் அந்த நான்குகால் நடைத்தாங்கியைப் பிடித்துக்கொண்டு, கட்டிலுக்கும் யன்னலுக்கும் இடையில் நடக்கிறாள்; அறை வாசலுக்கு வந்ததும் நின்றுவிடுகிறாள். ஊரெல்லாம் ரைல்ஸ் என்கிறார்களே, கூடத்தில் கிடக்கும் அந்தப் பளபளத்த தரையோட்டை, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவளைப்போலப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறாள். “தண்ணி மாதிரி மினுங்குது, எங்கை கால் வைக்கிறதெண்டு தெரியேல்லை” என்கிறாள். நடைப்பயிற்சி சொல்லிக்கொடுக்க வரும் தனுஷிகா என்ற பெண்பிள்ளை கூடத்தைச் சுட்டி அவளிடம் சிரித்த முகத்தோடு, “அன்ரி, அறைக்குள்ளையே சுத்தினாப் போதாது, ஹோலுக்கு வரவேணும், இல்லாட்டில் கால் நடையை மறந்துபோம்” என்று சொல்லிவிட்டு, விறாந்தையில் செருப்பைப் போடும்போது என்னிடம் சிரிப்பில்லாமல் சொன்னாள், இன்னும் இரண்டு மூன்று மாதத்துக்குள் அறையை விட்டு வெளியே வராவிட்டால் அதன்பிறகு அம்மா கட்டிலோடுதான் என்று. மகளே, இந்தக் கடிதத்தில் நான் மரத்தைப் பற்றியும் மெருகைப் பற்றியும் எதை எழுதினாலும் அந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டே படி.

கூடத்துக்கும் அறைக்கும் மரத்தரை போடலாம் என்று நீ சொன்னபோது நான் எதிர்த்துப் பேசியது உனக்கு நினைவிருக்கும். வெயிலும் கறையானும் ஆளும் நாட்டில் பனிநாட்டு வழக்கம் எதற்கு என்று கேட்டேன். அதிலும் அது முழு மரமல்ல, மேலே மெல்லிய மரமும் கீழே ஒட்டுப்பலகையும் சேர்ந்தது என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சினமே வந்தது. சொல்லிலும் செயலிலும் போலியை எதிர்த்தே என் வாழ்நாளின் பெரும்பகுதியை மேடையில் கழித்தவன் நான். நீ படத்தில் பார்த்துத் தெரிந்தெடுத்த மூன்று மாதிரிகளையும் எடுத்துக்கொண்டு நளீர் வீட்டுக்கு வந்த அன்றும் அவருக்கு அதையே சொன்னேன். நளீரை நீ குரலால்தான் அறிவாய். யாழ்நகரத்திலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது கைக்குழந்தையாய்ப் புத்தளத்துக்குத் தூக்கிச் செல்லப்பட்டு, வளர்ந்தபின் திரும்பிவந்து, தகப்பனார் கடை வைத்திருந்த அதே தெருவில் மீண்டும் கடை திறந்தவர், எவர் கோபத்துக்கும் அசையாத மனிதர். “மாஸ்ரர், நீங்கள் பேசி முடியுங்கோ, நான் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் பலகையைக் காட்டுறன்” என்று சொல்லிவிட்டு அம்மாவின் அறைக் கதிரையில் அமர்ந்துவிட்டார்.

பின்பு பலகையின் வெட்டுமுகத்தை என் கண்ணருகே பிடித்துக் காட்டினார். மேலே இருப்பது உண்மையான ஓக் மரம், ஒரு விரல்நகத்தின் அகலத்தில் பாதிக் கனத்துக்கு. அதன் கீழே மெல்லிய பலகைத் தாள்கள், ஒன்றின் நார் நெடுக்காக ஓடினால் அடுத்ததன் நார் குறுக்காக ஓடும்படி அடுக்கி ஒட்டப்பட்டவை. “ஒரே மரமா அறுத்த பலகை எங்கடை வெயிலுக்கும் மாரிக்கும் முறுகும் மாஸ்ரர். இதிலை ஒண்டு இழுத்தா மற்றது விடாது, அதாலைதான் நேரா நிக்குது” என்றார். கட்டிலில் கிடந்த அம்மா, “அப்ப எங்கடை குடும்பம் மாதிரித்தான்” என்றாள். வீடு முழுவதும் சிரித்தது. அவள் பகிடி சொல்லி நான் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தச் சிரிப்போடு என் எதிர்ப்பும் ஓய்ந்துவிட்டது.

நான் மூன்று மாதிரிகளையும் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நடக்கப்போறது கையாலையோ, காலாலையோ. இஞ்சை வையுங்கோ” என்றாள். அவளைக் கட்டில் விளிம்பில் இருத்தி, ஒவ்வொன்றாக அவள் காலடியில் வைத்தோம். முதலாவது நீ பெரிதும் விரும்பிய கருந்தவிட்டு நிறப் பலகை, வார்னிஷ் பூசிக் கண்ணாடிபோல் மினுங்குவது. அவள் பாதத்தை வைத்ததும் எடுத்துவிட்டாள். “இது ரைல்ஸின்ரை தம்பி” என்றாள். இரண்டாவது வெண்மை நிறம், விலை சகாயம் என்று நளீர் சொன்னது, கீழே மரத்தூளை அழுத்திச் செய்த அட்டை. அதில் கால் வைத்துப் பார்த்துவிட்டு, “ஆசுப்பத்திரிக்குள்ளை நிக்கிற மாதிரிக் கிடக்கு” என்று தள்ளிவிட்டாள். மூன்றாவது தேன் நிறம். மேற்பரப்பைக் கம்பித் தூரிகையால் உரஞ்சி மரத்தின் நார் விரலுக்குத் தட்டுப்படும்படி விட்டிருக்கிறார்கள், மேலே வார்னிஷ் இல்லை, எண்ணெய் மட்டும் ஊட்டியிருக்கிறார்கள், மினுக்கம் என்பது துளியும் இல்லை. அதில் வைத்த காலை அவள் எடுக்கவில்லை. பெருவிரலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். மற்றக் காலையும் வைத்தாள். பிறகு நடைத்தாங்கியைக் கேட்காமல் என் தோளில் ஒரு கையை ஊன்றி எழுந்தாள். ஒரு முழ நீளப் பலகை, அதன்மேல் உன் அம்மா நின்றாள், ஷாமினி. “இது என்னைப் பிடிக்குது” என்றாள்.

நளீர் எங்களை அப்படியே நிற்கவிட்டுச் சற்றுநேரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு மெருகுகளின் வேறுபாட்டைச் சொன்னார். வார்னிஷ் என்பது மரத்தின்மேல் ஒரு தோல்போலப் படிவது, அழுக்குப் பிடியாது, துடைக்க எளிது, ஆனால் கீறல் விழுந்தால் முழுத் தரையையும் உரஞ்சித்தான் மீண்டும் பூச வேண்டும். எண்ணெய் மரத்துக்குள் ஊறுவது, கீறிய இடத்தை மட்டும் உரஞ்சி எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும், ஆனால் ஆண்டுக்கொருமுறை எண்ணெய் கேட்கும். எந்தப் பூச்சானாலும் ஒன்று மட்டும் ஆகாது என்றார். “தண்ணி ஊத்தக் கூடாது மாஸ்ரர். துணியை நல்லாப் பிழிஞ்சு துடைக்கலாம். வாளி ஆகாது.” இதை அம்மா காதால் கேட்டாள், நானும் கேட்டேன். அளவெட்டியிலிருந்து அம்மாவுக்குத் துணையாக வந்திருக்கும் உன் சித்தி சுவர்ணா அந்நேரம் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள், அவள் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, ஞாயிறு ஆராதனைக்கு முன் வீடு கழுவும் நாள். நம் ஊரில் வீடு கழுவுதல் எப்படி என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, உன் பிள்ளைக்குத்தான் தெரியாது. வாளி வாளியாகத் தண்ணீர் விசிறி, தும்புத்தடியால் உரசி, அறையிலிருந்து கூடத்துக்கும் கூடத்திலிருந்து விறாந்தைக்கும் விறாந்தையிலிருந்து முற்றத்துக்கும் தள்ளினால்தான் எங்கள் பெண்களுக்கு வீடு வீடாகத் தெரியும். தரை நனையாத தூய்மையை அவர்கள் தூய்மையாகவே கொள்வதில்லை. சுவர்ணா அம்மாவைக் கதிரையில் இருத்தி விறாந்தைக்குத் தூக்குவித்து, விரிப்பைச் சுருட்டி, அறையையும் அப்படியே கழுவினாள். மூன்று மாதிரிகளும் கட்டிலின் கீழே, தண்ணீர் தேங்கும் மூலையில் கிடந்தன. ஞாயிறு ஆராதனையால் வந்து நான் எடுத்துப் பார்க்கும்போது வெண்பலகை தேநீரில் தோய்த்த விசுக்கோத்துப்போல் ஊதி வாய் பிளந்திருந்தது. கருந்தவிட்டுப் பலகையின் வார்னிஷ் ஓரங்களில் வெளுத்துத் தூக்கியிருந்தது. தேன் நிறப் பலகை ஒரு முனையில் கறுத்து, கைக்குழிபோல் சற்றே வளைந்திருந்தது. அது காய்ந்தபின் பெரும்பாலும் நிமிர்ந்துவிட்டது என்பதையும் குறித்துக்கொள். சுவர்ணாவிடம் காட்டினேன். அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, “அத்தான், தண்ணி படக்கூடாததை ஏன் தரை எண்டு சொல்லுறியள், அதைச் சுவரிலை மாட்டுங்கோவன்” என்று கேட்டாள். ஊதிய பலகையை இப்போது குசினிக் கதவுக்கு முட்டாக வைத்திருக்கிறாள்.

எனக்கு அது ஒரு சிறு இழப்பாகவே பட்டது, எது நீரைத் தாங்கும் எது தாங்காது என்று செலவில்லாமல் தெரிந்துகொண்டோம் என்றே எண்ணினேன். ஆனால் அம்மா அந்த மூன்று பலகைகளையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை, “அறைக்கு மட்டும் போடச் சொல்லுங்கோ. ஹோலுக்கு வேண்டாம்” என்றாள். ஏன் என்று கேட்டேன், காரணத்தைச் சொல்லாமல் போர்வையை மடித்தாள். நான் விளக்கினேன். பலகையும் அதன் கீழே விரிக்கும் மெத்தைத் தாளும் சேர்ந்தால் தரை ஒரு விரல் கனம் உயரும், அறையை மட்டும் உயர்த்திக் கூடத்தை விட்டால் வாசலில் ஒரு படி உண்டாகும், நடைத்தாங்கியின் கால் அதில் தட்டும், படியைத் தாண்டினாலும் அங்கே காத்திருப்பது அவள் அஞ்சும் அதே ஓடுதான். அறையை மட்டும் மரமாக்கினால் அவளுக்கு நல்ல தரையோடு ஒரு சிறை கட்டித் தந்தவர்களாவோம் என்று சொன்னேன். மகள் கேட்டால் என்ன சொல்வேன் என்று கேட்டேன். நான் பேசிய பேச்சுக்கு ஒரு மண்டபம் எழுந்து நின்றிருக்கும், உன் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். “ஹோலுக்கு வேண்டாமெண்டா வேண்டாம்.” நீ முதன்முறை கேட்டபோது நான் மழையைப் பற்றிப் பேசியதற்கு இதுவும் ஒரு காரணம்.

காரணம் எனக்குத் தெரிந்தது அந்தக் கிழமை நடுவில். நம் ஒழுங்கையின் முனையில் இருந்த தியாகலிங்கம் ஐயா காலமாகிவிட்டார், நீ பள்ளிக்குப் போகும்போது மிதிவண்டிக்குக் காற்றடித்துத் தருவாரே, அவர்தான். அவர் வீட்டில் இரங்கலுரை சொல்லிவிட்டு, சுடலைவரை போய்வந்தேன். திரும்பி வரும்போது அவர் வீட்டுப் படலையால் தண்ணீர் பெருகி ஒழுங்கைக்கு வந்துகொண்டிருந்தது. உடல் வீட்டை விட்டு வெளிக்கிட்டதும் சுடலைக்குப் போகாமல் நின்ற பெண்கள் வீட்டைக் கழுவுகிறார்கள் அல்லவா, அந்தத் தண்ணீர். தும்புத்தடிகள் உரசும் ஓசை நம் வீட்டு முற்றம்வரை கேட்டது. நான் குளித்துவிட்டு அறைக்குள் போனபோது அம்மா யன்னலோரம் நடைத்தாங்கியைப் பிடித்தபடி நின்றாள். “பாத்தியளோ, எவ்வளவு தண்ணி” என்றாள். பிறகு, அரிசி விலையைச் சொல்வதுபோன்ற குரலில் சொன்னாள், நான் ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதுகிறேன். “இஞ்சருங்கோ, நான் போற அண்டைக்கு என்னை ஹோலிலைதானே வளத்துவியள். பெட்டி வெளிக்கிட்டவுடனை பெண்டுகள் வாளியோடை வருவினம். ஒருத்தரும் பலகையைப் பாக்க மாட்டினம். ஷாமினி செத்தவீட்டுக்கு வந்து நிக்கேக்கை, தான் ஆசையாத் தெரிஞ்சு போட்டது ஊதிக் கிடக்கிறதைப் பாக்கக் கூடாது. பிள்ளை ஒண்டுக்கு அழட்டும், ரெண்டுக்கு அழவேண்டாம்.”

மகளே, இடுப்பெலும்பு முறிந்த ஒருத்தி, எழுந்து நடப்பதற்காகப் போடவிருக்கும் தரையில், தான் கிடத்தப்படும் நாளையும் அதன் மறு நாழிகையையும் உன் கண்ணீரையும் கணக்கெடுத்து, அதற்காகத் தன் நடையையே விட்டுக்கொடுக்கத் துணிந்திருந்தாள். நான் அவளருகில் அமர்ந்தேன். எங்கள் சபையில் சாவுக்குத் தீட்டு என்ற நம்பிக்கை இல்லை, வீடு கழுவ வேண்டும் என்று எந்தத் திருப்பணியாளரும் சொன்னதில்லை என்று சொன்னேன். “நான் நம்பிக்கையைக் கேக்கேல்லை, வாளியைக் கேக்கிறன்” என்றாள். அது சரியான மறுமொழி. கோயிலுக்குப் போகும் வீடும் தேவாலயத்துக்குப் போகும் வீடும் வேதத்தில் வேறுபடலாம், வாளியில் வேறுபடுவதில்லை. பிறகு அவள் என் முகத்தைப் பார்த்து, “நீங்கள் பேசுற ஆள்தானே. அவையளிட்டைக் கேளுங்கோ பாப்பம், வாளி தூக்காமல் விடுவினமோ எண்டு. ஓமெண்டு சொன்னினமெண்டா ஹோலுக்கும் போடுங்கோ” என்றாள். அவள் குரலில் ஏளனமும் இருந்தது, வேண்டுதலும் இருந்தது.

வெள்ளிக்கிழமை நம் வீட்டில் செபக்கூட்டம். மழையிலும் மாதர் சங்கத்துப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், பக்கத்து வீட்டு ஜெசிதாதான் இப்போது சங்கத் தலைவி. செபம் முடிந்து சுவர்ணா தேநீர் கொடுத்ததும் நான் எழுந்து நின்றேன். நீரின் பெருமையிலிருந்து தொடங்கினேன். தூய்மை உள்ளத்தைச் சார்ந்தது என்றேன், முன்னோர் மண்தரையை மெழுகிய காலத்திலிருந்து இந்நாள்வரை தரைகள் மாறிய வரலாற்றைச் சொன்னேன், காலத்துக்கேற்ப வழக்கமும் மாறுதல் இழிவன்று என்றேன். அறைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. “இஞ்சருங்கோ, அவையின்ரை தேத்தண்ணி ஆறுது. விசயத்தைச் சொல்லுங்கோ.” நான் விசயத்தைச் சொன்னேன். அதற்கு அலங்காரம் எதுவும் தேவைப்படவில்லை. என் நவமணி நடக்க வேண்டும் என்பதற்காக இந்தக் கூடத்துக்கு மரத்தரை போடப் போகிறோம், அதற்குத் தண்ணீர் ஆகாது, ஒரு நாள் அவளை இங்கிருந்து தூக்கிச் செல்வீர்கள், அன்று இந்தத் தரையைக் கழுவாதீர்கள். இவ்வளவுதான் சொன்னேன்.

ஒருவரும் கோப்பையை வாயருகே கொண்டுபோகவில்லை. ஜெசிதா, “மாஸ்ரர், இதை விடுங்கோ. ஆளை உயிரோடை வைச்சுக்கொண்டு இதென்ன கதை” என்றாள். “நான்தான் கதைக்கச் சொன்னனான்” என்றது அறைக்குள்ளிருந்த குரல். ஜெசிதா தலை குனிந்துகொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள், அவள் கணவனைப் புதைத்து இரண்டாண்டு ஆகிறது என்பதை நினைத்துக்கொண்டு படி. “பெட்டி போனாப் பிறகு கையைச் சும்மா வைச்சுக்கொண்டு இருக்க ஏலாது மாஸ்ரர். ஆம்பிளையள் புதைக்கப் போயிடுவியள். நாங்கள் வெறும் ஹோலைப் பாத்துக்கொண்டு என்ன செய்யிறது. அதுக்குத்தான் கழுவுறம்.” எத்தனையோ சாவு வீடுகளில் நின்று பேசியிருக்கிறேன், என் பேச்சு முடிந்து ஊர்வலம் புறப்பட்ட பிறகு அந்த வீடுகளுக்குள் நடப்பது என்ன என்பதை அன்றுதான் கேட்டேன். அவளே தொடர்ந்தாள். “சரி. வாளி வேண்டாம். துணி கொண்டுவாறம். முழங்காலிலை இருந்து துடைப்பம்.” பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “முழங்கால் ஆரிட்டை இருக்கு” என்று முணுமுணுத்தாள், “என்ரை மருமேளிட்டை இருக்கு, கூட்டிக்கொண்டு வாறன்” என்றாள் இன்னொருத்தி, சுவர்ணாகூடச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அடங்குமுன் அம்மா உள்ளிருந்து சொன்னாள். “நல்லாப் பிழிஞ்சு துடைக்கவேணும்.” ஜெசிதா எழுந்து அறை வாசல்வரை போய், “ஓமக்கா, நல்லாப் பிழிவம்” என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு குடையை எடுத்தாள்.

மறுநாள் காலை நான் வேதம் வாசித்துக்கொண்டிருந்தபோது அம்மா சுவர்ணாவைக் கூப்பிட்டு, விரிப்பின் ஒரு முனையைப் பிடித்து வாசலுக்கு வெளியே இழுத்துப் போடச் சொன்னாள். ஒரு பாய் அகலத்துக்கு அது கூடத்துக்குள் நீண்டது. அவள் நடைத்தாங்கியைத் தூக்கி அப்பால் வைத்து, காலைத் தூக்கி அப்பால் வைத்தாள். மறு காலையும். ஐந்து மாதத்துக்குப் பின் கூடத்தில் நின்று, நான்கு சுவரையும் பார்த்து, “ஒட்டடை அடிச்சு எவ்வளவு காலம்” என்று தங்கையைக் கேட்டாள்.

ஆகவே இது எங்கள் மூவரின் முடிவு, இதன்படி நளீரிடம் சொல். தேன் நிறம், கம்பித் தூரிகையால் உரஞ்சியது, எண்ணெய் மெருகு, கீழே அடுக்குப்பலகை. மரத்தூள் அட்டை எந்த விலைக்கும் வேண்டாம். நீ விரும்பிய கருநிறத்தை அம்மா ஏற்கவில்லை, கடும் நிறத்தில் பலகை எங்கே முடிகிறது பாதம் எங்கே தொடங்குகிறது என்று தன் கண்ணுக்குத் தெரியாது என்கிறாள், அதை நீ மனவருத்தமாக எடுத்துக்கொள்ளாதே. அறைக்கும் கூடத்துக்கும் இடையில் படி இல்லாமல் ஒரே மட்டமாக ஓட வேண்டும். குசினிக்கும் குளியலறைக்கும் மரம் வேண்டாம், அங்கே மினுங்காத சொரசொரத்த ஓடு போடட்டும், கூடம் குசினியைச் சந்திக்கும் இடத்தில் நடைத்தாங்கி தட்டாதபடி ஒரு சரிவுப் பட்டை வைக்கட்டும். பழைய ஓட்டை உடைக்கத் தேவையில்லை, அதன் மேலேயே விரிக்கலாமாம், சுவரோரத்தில் மட்டும் மரம் மூச்சுவிட ஒரு சுண்டுவிரல் இடைவெளி விட்டு மேலே சட்டம் அடிப்பார்கள். மாரி முடியாமல் தொடங்கக் கூடாது. தை பிறந்து காற்று உலர்ந்ததும் பலகைகளை வீட்டுக்குள் சில நாள் கிடத்தி, நம் வீட்டுக் காற்றுக்குப் பழகவிட்டபின் பதிக்கட்டும். அதுவரை அந்த விரிப்பை ஒவ்வொரு கிழமையும் இன்னும் சற்று வெளியே இழுப்பதாக அம்மாவும் தனுஷிகாவும் தமக்குள் பேசிவைத்திருக்கிறார்கள். சுவர்ணா தன் வாளியை விறாந்தைக்கு அப்பால் கொண்டுபோய்விட்டாள், முற்றத்தையாவது தன்னிடம் விடும்படி கேட்டிருக்கிறாள்.

இனி உன்னிடம் ஒன்று. அம்மா இந்தத் தரையை நீ துயரத்தில் வந்து பார்க்கும் தரையாக எண்ணியே முடிவெடுத்தாள். அந்தக் கணக்கை நீ பொய்யாக்க வேண்டும். உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு விடுப்புக் கேள், கிடைக்காவிட்டால் மறுபடி கேள், ரேச்சலையும் கூட்டிக்கொண்டு வா. செருப்பை விறாந்தையில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு கூடத்துக்கு வா. அந்தத் தரையில் முதல் துணியைப் பிழிபவள் நீயாக இரு. ஈரம் கூடிப்போச்சு, இன்னும் பிழி என்று அம்மா உன்னைக் கண்டிப்பாள், கட்டிலில் இருந்தல்ல, உன் பின்னால் நடந்து வந்து கண்டிப்பாள். நான் கேட்டுக்கொண்டிருக்க விரும்பும் பேச்சு இனி அது ஒன்றுதான்.

உன்னைப் பெற்ற நாள்முதல் காத்த கரம் உன் இல்லத்தையும் உன் போக்கையும் வரவையும் காப்பதாக. லியோனுக்கு என் அன்பைச் சொல், குழந்தைக்கு என் முத்தம். செத்தவீட்டுப் பேச்சைத் தொலைபேசியில் நீயாக எடுக்காதே, அம்மா எடுத்தால் மறுக்காமல் கேள். எண்ணெய்த் தகரப்பேணி ஒன்று மேலதிகமாக வாங்கிவைக்கும்படி நளீரிடம் சொல்ல மறவாதே, நடைத்தாங்கியின் கால்கள் கீறப்போகிற இடங்கள் நிறைய இருக்கும் என்று நம்புகிறேன்.

என்றும் உன் நன்மையை வேண்டும் தந்தை,
நதானியேல் தேவராஜா